குளுக்கோஸ் ஒட்டுன அஸ்பரஜின் செய்றது எப்படி, அதுக்கு முன்னாடி பாட்டில்ல பிராக்கெட் எங்க இருக்குன்னு பாருங்க

எங்க லேப்ல ஒரு தடவ மூணு மாசம் உக்காந்து ஒரு கிளைக்கோபெப்டைட் (சர்க்கரை ஒட்டுன அமினோ ஆசிட் சங்கிலி) செஞ்சோம். மாஸ் ஸ்பெக்ல (மாலிக்யூலோட எடை பாக்குற மெஷின்) எடை புள்ளி பெசகாம வந்துச்சு, எச்பிஎல்சில (கலவைய பிரிச்சு காட்டுற மெஷின்) ஒத்த பீக், எல்லாரும் கீழ போய் டீ பஜ்ஜின்னு கொண்டாடிட்டு வந்தோம். அப்புறம் எலைசா (ஆன்டிபாடி ஒட்டுதான்னு கலர் வச்சு பாக்குற டெஸ்ட்) பிளேட்ல போட்டா ஒண்ணுமே இல்ல, இதுக்கு முன்னாடி நல்லா கலர் குடுத்த சீரம் கூட இதுக்கு வெள்ளையா உக்காந்திருக்கு. ரெண்டு வாரம் எலைசா பண்ற பொண்ண தான் எல்லாரும் கொற சொன்னோம், பாவம். கடைசில பாத்தா தப்பு மொத மாசத்துலயே, பாட்டில் ஆர்டர் பண்ணும்போதே நடந்திருக்கு. அது என்னன்னு அந்த ஸ்டெப் வரும்போது சொல்றேன், ஏன்னா இத புதுசா செய்றவங்க பாதி பேராவது அந்த பள்ளத்துல ஒரு காலாவது வைப்பாங்க.

என்ன மாலிக்யூல், எதுக்குன்னு சுருக்கமா சொல்லிடறேன். மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ்ல நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே நரம்பு மேல இருக்குற மையலின் உறைய தாக்குது. அந்த நோயாளிகள்ல ஒரு பகுதி பேரோட ரத்தத்துல இருக்குற ஆன்டிபாடிய பிடிக்கறதுக்காக, இத்தாலில ஃபிளாரன்ஸ் பல்கலைக்கழகத்துல அன்னா மரியா பாப்பினி குழு ஒரு 21 அமினோ ஆசிட் பெப்டைட டிசைன் பண்ணாங்க, பேரு சிஎஸ்எஃப்114, 2005ல பேப்பரா வந்துச்சு. அதுல 7வது எடத்துல இருக்குற அஸ்பரஜின்ங்கற அமினோ ஆசிட் மேல ஒரே ஒரு குளுக்கோஸ், பீட்டா லிங்க்ல (குளுக்கோஸோட 1வது கார்பன்ல பிணைப்பு ரெண்டு பக்கம் திரும்பலாம், ஒண்ணு ஆல்ஃபா, இன்னொண்ணு பீட்டா). பெப்டைட் ஒரு வளைவு போடுது, அந்த வளைவோட நுனில கொடி கட்டுன மாதிரி சர்க்கரை நிக்குது. சர்க்கரை இல்லாத அதே பெப்டைட போட்டா ஆன்டிபாடி கண்டுக்கறதில்ல. வேடிக்க என்னன்னா நம்ம உடம்புல அஸ்பரஜின் மேல வழக்கமா ஒக்காருறது வெறும் குளுக்கோஸ் இல்ல, என் அசிடைல் குளுக்கோசமின். வெறும் குளுக்கோஸ அஸ்பரஜின்ல ஒட்டுற பழக்கம் ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சா மாதிரி சில பாக்டீரியாவுக்கு உண்டு, அந்த பாக்டீரியாவோட புரதத்தையும் இதே ஆன்டிபாடிங்க பிடிக்குதுன்னு 2016ல காட்டுனாங்க. அதனால தான் குளுக்கோஸ் ஒட்டுன அஸ்பரஜின்ங்கற இந்த சின்ன பில்டிங் பிளாக்குக்கு இவ்வளவு மவுசு.

ஒண்ணு தெளிவா வச்சுக்கோங்க, இது ஆராய்ச்சிக்கு, யாருக்கும் நோய் இருக்கா இல்லையான்னு சொல்றதுக்கு இல்ல. அப்புறம் இது ஹூட் (பொகைய உறிஞ்சுற கூண்டு), சேஃப்டி ஆளு, வேஸ்ட் எடுத்துட்டு போற ஏற்பாடு எல்லாம் உள்ள லேப்ல செய்ற வேலை, நடுவுல அசைடு (மூணு நைட்ரஜன் வரிசையா கோத்த குரூப்) வருது.

பாதை ரொம்ப சிம்பிள். குளுக்கோஸ எடுத்து அஞ்சு ஓஎச்சையும் அசிடைல் போட்டு மூடுறோம், 1வது கார்பன்ல மட்டும் புரோமின் வைக்கிறோம், புரோமின தூக்கிட்டு அசைடு, அசைட கொறச்சு அமீன், அமீன ஆஸ்பார்டிக் ஆசிடோட சைடு கைல கோக்குறோம் (கோத்ததும் அது அஸ்பரஜின் ஆயிடும்), இன்னொரு ஆசிட் கைய மூடி இருந்த டெர்ட்-பியூட்டைல கழட்டுறோம், அவ்வளவு தான், எஃப்மாக் (அமீனுக்கு போடுற மூடி) பில்டிங் பிளாக் ரெடி. ஒட்டுறது பெரிய வித்தை இல்ல. ஒவ்வொரு ஸ்டெப்லயும் 1வது கார்பன் எந்தப் பக்கம் திரும்பி இருக்குன்னு கண்ணுல விளக்கெண்ண ஊத்திக்கிட்டு பாக்கறது தான் முழு வேலையும். அதுக்கு ஒரே சாட்சி என்எம்ஆர்ல (காந்தத்துல வச்சு ஒவ்வொரு அணுவோட சூழலையும் காட்டுற மெஷின்) எச்-1 புரோட்டான், அதாவது 1வது கார்பன்ல இருக்குற ஹைட்ரஜன். பீட்டானா பக்கத்து புரோட்டானோட கப்ளிங் (சிக்னல் பிளந்து நிக்கிற இடைவெளி) 8, 9 ஹெர்ட்ஸ் வரும், ஆல்ஃபானா 4 ஹெர்ட்ஸ் பக்கம் நின்னுடும். இந்த ரெண்டு நம்பர மனசுல எழுதிக்கோங்க, மத்தத எல்லாம் நோட்டுல எழுதினா போதும்.

மொதல்ல அசிடைல் போடுறது. காஞ்ச குளுக்கோஸ் 10 கிராம், நீரில்லாத சோடியம் அசிடேட் 8 கிராம், ரெண்டையும் உரல்ல நல்லா அரைச்சு, அசிடிக் அன்ஹைட்ரைடு 50 எம்எல் ஊத்தி, கொதிக்கிற வாட்டர் பாத் மேல கண்டன்சர் வச்சு, மேல கால்சியம் குளோரைடு கார்டு டியூப் மாட்டி, கரையற வரைக்கும் அடிக்கடி குலுக்கி, அப்புறம் ஒரு 2 மணி நேரம் விடுங்க. அரை லிட்டர் ஐஸ் தண்ணில ஊத்தி நல்லா கலக்குனா வெள்ளையா கட்டி விழும், கட்டிய ஒடச்சு விட்டுக்கிட்டே ஒரு மணி நேரம் கலக்கணும், இல்லன்னா உள்ள அன்ஹைட்ரைடு மாட்டிக்கிட்டு வினிகர் வாடை போகவே போகாது. எத்தனால்ல ரீகிரிஸ்டல் பண்ணா பீட்டா பென்டாஅசிடேட், 131-132 டிகிரில உருகும். இத வெல கொடுத்தே வாங்கலாம், சல்லிசு தான், அவசரம்னா வாங்கிடுங்க, இந்த ஸ்டெப்ல கௌரவம் ஒண்ணும் இல்ல.

அடுத்து புரோமைடு. பென்டாஅசிடேட் 10 கிராம் (25.6 மில்லிமோல்) எடுத்து 20 எம்எல் டிசிஎம்ல (டைகுளோரோமீத்தேன்) கரைச்சு ஐஸ்ல வச்சு, அசிடிக் ஆசிட்ல கரைஞ்ச 33 சதவீத எச்பிஆர் (ஹைட்ரஜன் புரோமைடு) 20 எம்எல் மெதுவா விடுங்க. அந்த பாட்டில தொறக்கும்போது பொகை வரும், உள்ள பிரஷர் இருக்கும், மூஞ்சிய கிட்ட கொண்டு போகாதீங்க. ரூம் டெம்பரேச்சர்ல 2, 3 மணி நேரம். டிஎல்சி (பிளேட்ல ஸ்பாட் வச்சு ரியாக்ஷன் முடிஞ்சுதான்னு பாக்குறது) ஹெக்சேன், எத்தில் அசிடேட் சரிபாதி. சர்க்கரைக்கு யூவில ஒண்ணும் தெரியாது, இது புதுசா வர்றவங்களுக்கு எப்பவும் நடக்கும், வெளிச்சத்துக்கு கீழ பிளேட்ட வச்சு பாத்துட்டு மெட்டீரியலே இல்லன்னு பயந்துடுவாங்க. எத்தனால்ல 10 சதவீத சல்ஃப்யூரிக் ஆசிட் கலந்து அதுல பிளேட்ட முக்கி ஹீட் கன் காட்டுங்க, வெல்லம் கருகுற மாதிரி கருப்பு ஸ்பாட் வரும். வாசமும் அதே தான்.

முடிஞ்சதும் ஐஸ் தண்ணி, அப்புறம் குளிர்ந்த பைகார்பனேட். பைகார்பனேட் போடும்போது செப்பரேட்டிங் ஃபனல்ல நொரச்சு மேல வரும், அவசரப்பட்டு மூடி போட்டு குலுக்குனா மூடி கூரைக்கு போகும், மொதல்ல பீக்கர்லயே கலக்கி கேஸ் அடங்குனதுக்கு அப்புறம் ஃபனல்ல ஊத்துங்க. சோடியம் சல்ஃபேட்ல உலர்த்தி, ரோட்டாவேப் பாத் 35 டிகிரிக்கு மேல போகாம டிசிஎம்ம எடுத்து, ஈத்தர், பெட்ரோலியம் ஈத்தர்ல கிரிஸ்டல் பண்ணா வெள்ள ஊசியா வரும், 88-89 டிகிரில உருகும். என்எம்ஆர்ல எச்-1 6.6 பிபிஎம்ல, 4 ஹெர்ட்ஸ் டபிளட், அதாவது ஆல்ஃபா. இங்க ஆல்ஃபா தான் வேணும், குழம்பாதீங்க, அடுத்த ஸ்டெப்ல அது அப்படியே கவுந்து பீட்டா ஆகும்.

இந்த புரோமைடு ஒரு தொட்டாச்சிணுங்கி. ஈரம் பட்டா எச்பிஆர் விடும், விட்ட எச்பிஆரே மிச்சத்தையும் கெடுக்கும், ஒரு தடவ ஆரம்பிச்சா நிக்காது. மழை நாள்ல வெளிய வச்சிட்டு சாப்பிட போனீங்கன்னா வெள்ள மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகி, திங்கக்கிழமை வந்து பாத்தா தார் மாதிரி இருக்கும். கடைல விக்கிற பாட்டில்ல கொஞ்சம் கால்சியம் கார்பனேட் கலந்து தான் விக்கிறாங்க, வெளியேறுற ஆசிட அது முழுங்கிடும்னு. நீங்களும் மைனஸ் 20ல, டெசிகன்ட் பை போட்டு வைங்க, ஆனா என்னைக் கேட்டா செஞ்ச அன்னிக்கே அசைடா மாத்திடுங்க, அசைடு எத்தன மாசம் ஆனாலும் அசையாது.

அசைடு ஸ்டெப். புரோமைடு 8.2 கிராம் (20 மில்லிமோல்), சோடியம் அசைடு 2.6 கிராம் (40 மில்லிமோல்), டிஎம்எஸ்ஓ 40 எம்எல், ரூம் டெம்பரேச்சர், ரெண்டு மூணு மணி நேரம். பழைய நோட்டுல எல்லாம் டிசிஎம், பைகார்பனேட், ஃபேஸ் டிரான்ஸ்ஃபர் கேட்டலிஸ்ட்னு எழுதி இருக்கும், நல்லா தான் ஓடும், ஆனா டிசிஎம்மும் அசைடும் ஒண்ணா இருந்தா டைஅசைடோமீத்தேன்னு ஒண்ணு உருவாக வாய்ப்பு இருக்கு, அது வெடிக்கிற சரக்கு. டிஎம்எஸ்ஓல இவ்வளவு சுலபமா ஓடும்போது அந்த வம்பு எதுக்கு. ஒர்க்கப்லயும் (ரியாக்ஷன் முடிஞ்சு கழுவி பிரிக்கிறது) டிசிஎம்ம தொடாதீங்க, எத்தில் அசிடேட் போதும். இரும்பு ஸ்பேட்டுலா வேணாம், பிளாஸ்டிக் இல்லன்னா பீங்கான். ஆசிட் எங்கயும் கலக்க கூடாது, ஹைட்ரசாயிக் ஆசிட் கேஸா வரும், அது விஷமும் கூட, வெடிக்கவும் செய்யும். தாய்நீர சிங்க்ல ஊத்துறதுங்கற பேச்சே இல்ல, குழாய்ல செம்போ ஈயமோ இருந்தா அது கூட சேந்து உள்ளயே படியும், தனி கேன்ல பேர் எழுதி சேஃப்டி ஆளு கிட்ட கொடுங்க.

நம்ம செய்ற அசைடு மாலிக்யூல் பாதுகாப்பானதான்னு கேட்டா, கார்பனையும் ஆக்சிஜனையும் கூட்டி நைட்ரஜனால வகுத்து 3க்கு மேல வந்தா பரவாயில்லன்னு ஒரு கைக்கணக்கு உண்டு, நம்மளோடது 14ம் 9ம் 23, அத 3ஆல வகுத்தா ஏழரைக்கு மேல. ஏழரை இங்க நல்ல சகுனம்.

முடிஞ்ச ரியாக்ஷன 200 எம்எல் ஐஸ் தண்ணில ஊத்துனா அசைடு வெள்ளையா கீழ விழுந்துடும், வடிகட்டி, தண்ணில நல்லா கழுவி, மெத்தனால்ல ரீகிரிஸ்டல். டிஎல்சிய மட்டும் நம்பாதீங்க, சில சால்வென்ட்ல புரோமைடும் அசைடும் கிட்டத்தட்ட ஒரே உசரத்துல ஓடும். ஐஆர் (அகச்சிவப்பு ஸ்பெக்ட்ரம்) எடுங்க, 2115 பக்கத்துல கூர்மையா ஒரு பீக், அது அசைடு கையெழுத்து. என்எம்ஆர்ல 6.6ல இருந்த டபிளட் காணாம போய் 4.65ல கிட்டத்தட்ட 9 ஹெர்ட்ஸ் டபிளட் வந்திருக்கணும். வந்துட்டா பீட்டா, நிம்மதி. 6.6ல ஒரு சின்ன மிச்சம் தெரிஞ்சா கூட திரும்ப கிரிஸ்டல் பண்ணுங்க, பின்னாடி அத பிரிக்கிறது பெரும்பாடு.

இப்போ அசைட கொறச்சு அமீன் ஆக்கணும், இங்க தான் கடிகாரம் ஓட ஆரம்பிக்குது. கிளைக்கோசைல் அமீன் சும்மா இருக்காது. 1வது கார்பன்ல என்எச்2 உக்காந்திருந்தா வளையம் தொறந்து மூடி ஆல்ஃபாவும் பீட்டாவுமா கலந்துடும், 2வது கார்பன்ல இருக்குற அசிடைல் நைட்ரஜனுக்கு தாவும், ரெண்டு அமீன் சேந்து ஒரே ஜோடி மாலிக்யூல் (டைமர்) ஆகும். ஆசிட் வாடை பட்டாலோ மெத்தனால் மாதிரி சால்வென்ட்ல ரொம்ப நேரம் கெடந்தாலோ இன்னும் வேகம். நான் மொத தடவ செஞ்சப்ப மெத்தனால்ல ஹைட்ரஜனேஷன் போட்டுட்டு, சாயங்காலம் முடிஞ்சிருந்தும் வடிகட்டி மூடி வச்சிட்டு பஸ்ஸு போயிடும்னு கெளம்பிட்டேன். காலைல கப்ளிங் (அமீன ஆசிடோட கோக்குறது) போட்டு காலம் (சிலிக்கா நிரப்புன குழாய்ல பிரிக்கிறது) பண்ணா ஸ்பாட்டு மேல ஸ்பாட்டு, என்எம்ஆர்ல எல்லா சிக்னலும் ரெட்டை ரெட்டையா. அன்னிலேந்து இந்த ஸ்டெப்ப காலைல தான் ஆரம்பிப்பேன், கப்ளிங்குக்கு வேண்டியத எல்லாம் எடை போட்டு வச்சிட்டு தான் ஹைட்ரஜன் பலூன மாட்டுவேன்.

அளவு: அசைடு 1.87 கிராம் (5 மில்லிமோல்), 10 சதவீத பல்லேடியம் கார்பன் 190 மில்லிகிராம், எத்தில் அசிடேட் 30 எம்எல். பல்லேடியத்த மொதல்ல நைட்ரஜனுக்கு அடியில போட்டு, சால்வென்ட்ட பக்கவாட்டுல மெதுவா விட்டு நனைங்க, காஞ்ச பல்லேடியம் மேல சால்வென்ட் ஆவி பட்டா பத்திக்கும். வேக்குவம் போட்டு ஹைட்ரஜன் விடுறத மூணு தடவ பண்ணுங்க. இதுல ஒரு சின்ன சூட்சுமம், அசைடு ஒடையும்போது நைட்ரஜன் கேஸ் வெளிய வந்து பலூனுக்குள்ளயே கலந்துடும், பலூன் நல்லா உப்பி தான் இருக்கும், உள்ள ஹைட்ரஜன் நீர்த்துப் போய் ரியாக்ஷன் பாதியில நிக்கும். அரை மணிக்கு ஒரு தடவ காலி பண்ணி புதுசா ஹைட்ரஜன் நிரப்புங்க. டிஎல்சில நின்ஹைட்ரின் போட்டா அமீன் கலர் காட்டும். முடிஞ்சதும் சீலைட் வழியா வடிகட்டுங்க, சீலைட் மேல இருக்குற கருப்ப காய விடாதீங்க, தண்ணி ஊத்தி ஈரமாவே தனி டப்பால போடுங்க. 30 டிகிரிக்கு கீழ சால்வென்ட்ட எடுத்துட்டு நேரா கப்ளிங். சுத்தம் பண்ணலாம்னு காலம் ஏத்தாதீங்க, சிலிக்காவே அத கெடுத்துடும்.

இப்போ நான் ஆரம்பத்துல சொன்ன பாட்டில் கதை. நமக்கு வேண்டியது எஃப்மாக்-ஆஸ்ப்-ஓடிபியூ. இதுல டெர்ட்-பியூட்டைல் மூடி இருக்குறது முதுகெலும்பு பக்கத்து ஆசிட, சைடு கை ஆசிட் ஃப்ரீ, அந்த சைடு கைல தான் சர்க்கரை ஒக்காரணும். எல்லா பெப்டைட் லேப் ஃபிரிட்ஜ்லயும் கெடக்குற பாட்டில் எதுன்னா எஃப்மாக்-ஆஸ்ப்(ஓடிபியூ)-ஓஎச், இதுல மூடி இருக்குறது சைடு கை, முதுகெலும்பு ஃப்ரீ. பேர்ல வித்தியாசம் ஒரு ஜோடி பிராக்கெட்டும் ஒரு ஓஎச்சும் தான். ரெண்டுக்கும் எடை 411.45, ஃபார்முலா ஒண்ணு, கப்ளிங் ஒண்ணு போலவே ஓடும், ப்ராடக்ட் எடை ஒண்ணு, பெப்டைட்ல ஏத்துனா அங்கயும் எடை ஒண்ணு. ஆனா தப்பான பாட்டில போட்டா சர்க்கரை முதுகெலும்பு பக்கத்து கைல ஒக்காந்துடும், சங்கிலி சைடு கை வழியா வளைஞ்சு போகும், கெடைக்கிறது ஐசோஅஸ்பரஜின், வளைவோட நுனில நிக்க வேண்டிய கொடி எங்கயோ சாய்ஞ்சு நிக்கும். எங்களுக்கு நடந்தது அது தான். மாஸ் ஸ்பெக்குக்கு இதப் பிரிச்சு பாக்கத் தெரியாது, அது வெறும் தராசு. கடைசில ஒரு ரெஃபரன்ஸ் பில்டிங் பிளாக்க கொஞ்சூண்டு வாங்கி நம்மளோடத கூட கலந்து எச்பிஎல்சில ஓட்டுனப்ப ரெண்டு பீக்கா பிரிஞ்சு நின்னுச்சு, அப்ப தான் வெளங்குச்சு. ஆர்டர் போடும்போது கேஸ் நம்பர (CAS, ஒவ்வொரு கெமிக்கலுக்கும் உள்ள தனி எண்) பாருங்க, வெலையையும் பாருங்க, ஆச்சரியப்படுற அளவுக்கு மலிவா இருந்தா அது பெரும்பாலும் தப்பான பாட்டில் தான்.

கப்ளிங்குக்கு வர்றேன். சரியான எஃப்மாக்-ஆஸ்ப்-ஓடிபியூ 1.85 கிராம் (4.5 மில்லிமோல்), ஆசிட தூண்டி விட்டு ஒட்ட வைக்கிற எச்ஏடியு 1.71 கிராம் (அதே 4.5), பேஸா டிஐபிஇஏ 1.57 எம்எல் (9 மில்லிமோல்), டிஎம்எஃப் 15 எம்எல், ஐஸ்ல 5 நிமிஷம் கலக்குங்க, லேசா மஞ்சளாகும். அதுக்கு அப்புறம் தான் அமீன 5 எம்எல் டிஎம்எஃப்ல கரைச்சு விடணும். எல்லாத்தையும் ஒண்ணா கொட்டுனா எச்ஏடியு அமீனையே புடிச்சு குவானிடின் ஆக்கிடும், எச்ஏடியுவ ஆசிட விட கூட போடாம இருக்கறதுக்கும் அது தான் காரணம். பேஸயும் வாரி ஊத்தாதீங்க, எஃப்மாக் பேஸுக்கு கழண்டுக்குற ஜாதி. ரூம் டெம்பரேச்சருக்கு வந்து 2, 3 மணி நேரம், முடிஞ்சா அன்னிக்கே ஒர்க்கப். எத்தில் அசிடேட், 5 சதவீத சிட்ரிக் ஆசிட், பைகார்பனேட், உப்புத்தண்ணி, இந்த வரிசைல கழுவி, ஹெக்சேன் எத்தில் அசிடேட் காலம். இங்க எஃப்மாக் இருக்கறதால யூவிலயும் தெரியும், கருக்குனாலும் தெரியும், ரெண்டுலயும் தெரியற ஸ்பாட் தான் நம்ம ஆளு, யூவில மட்டும் தெரியறது மிச்ச ஆஸ்பார்டிக், கருகல்ல மட்டும் தெரியறது சர்க்கரை மிச்சம். வெள்ள நொரை மாதிரி வரும். 60 சதவீதத்துக்கு மேல ஈல்டு வந்தா சந்தோஷப்படுங்க.

மாஸ்ல 741.3, சோடியத்தோட 763.3. என்எம்ஆர்ல சிடிசிஎல்3ல 6.1, 6.3 பக்கத்துல ஒரு என்எச் டபிளட் வரும், எச்-1 5.1, 5.2 பக்கத்துல டிரிப்ளட் மாதிரி 9 ஹெர்ட்ஸ்ல, அது பீட்டா. மத்த சர்க்கரை புரோட்டான்களும் அங்கயே கூட்டமா நிக்கறதால கோசி (எந்த புரோட்டான் எதுக்கு பக்கத்துலன்னு காட்டுற டூ டி என்எம்ஆர்) எடுத்து என்எச்சுல இருந்து கைய புடிச்சு எச்-1க்கு போங்க, வெறும் ஒன் டி பாத்து அடிச்சு சொல்லாதீங்க. எச்எம்பிசி (ரெண்டு மூணு பிணைப்பு தள்ளி இருக்குற கார்பன காட்டுற டூ டி என்எம்ஆர்) எடுக்க வசதி இருந்தா சர்க்கரை என்எச் எந்த கார்போனைல பாக்குதுன்னு, அந்த கார்போனைல் சைடு கை சிஎச்2வயும் பாக்குதான்னு செக் பண்ணிடுங்க, பாட்டில் சந்தேகம் அங்கயே தீந்துடும். ஒரு ராத்திரி மெஷின் டைம், மூணு மாசத்த மிச்சம் பண்ணும்.

டெர்ட்-பியூட்டைல் கழட்டுறது லேசு. டிஎஃப்ஏ (டிரைஃபுளுரோஅசிடிக் ஆசிட்) 95, தண்ணி 5, 10 எம்எல் போட்டு 2, 3 மணி நேரம், அப்புறம் டொலுயின் ஊத்தி ஊத்தி ரோட்டாவேப்ல ரெண்டு மூணு தடவ எடுத்து, ஈத்தர் ஹெக்சேன்ல உதுத்தா பொடியா விழும். அசிடைல் இருக்கற வரைக்கும் சர்க்கரை அந்த ஆசிடுக்கு அசையாது. மாஸ் 685.2, சோடியத்தோட 707.2. இது தான் பில்டிங் பிளாக், மைனஸ் 20ல ஆர்கான் போட்டு வைங்க.

பெப்டைட்ல ஏத்தும்போது மத்த அமினோ ஆசிடுக்கு 4, 5 மடங்கு போடுற மாதிரி இதுக்கு போட்டா மனசு தாங்காது, 1.5ல இருந்து 2 மடங்கு, எச்ஏடியு டிஐபிஇஏ, 2ல இருந்து 4 மணி நேரம், கைசர் டெஸ்ட்ல (ஒட்டாத அமீன் மிச்சம் இருந்தா நீலம் காட்டும்) நீலம் வரலன்னா அடுத்தது. மெஷின்ல விடாம இந்த ஒரு ஸ்டெப்ப மட்டும் கையால பண்ணுங்க. எஃப்மாக்க கழட்டுற 20 சதவீத பைபெரிடின் அசிடைல ஒண்ணும் பண்ணாது, பயப்பட வேணாம். சிஎஸ்எஃப்114ல மெத்தியோனின், டிரிப்டோஃபேன், ஆர்ஜினின் எல்லாம் இருக்கு, அதனால ரெசின்ல (பெப்டைட் ஒட்டி வளர்ற சின்ன மணிங்க) இருந்து எறக்குறதுக்கு ரீஏஜென்ட் கே: டிஎஃப்ஏ 82.5, ஃபீனால் 5, தண்ணி 5, தையோஅனிசோல் 5, ஈடிடி (ஈத்தேன்டைதையால்) 2.5. ஈடிடி வாடைய பத்தி நான் சொல்லி தெரிய வேண்டியதில்ல, தொட்ட கிளவ்ஸ், டிப்பு எல்லாம் ஹூட்டுக்குள்ளயே பிளீச்ல முக்குங்க, இல்லன்னா பக்கத்து லேப்காரங்க கேஸ் லீக்குனு செக்யூரிட்டிக்கு போன் போடுவாங்க, நடந்திருக்கு.

அடுத்தது அசிடைல் கழட்டுறது, பொறுமையா பண்ண வேண்டியது. பெப்டைட காஞ்ச மெத்தனால்ல கரைச்சு, 0.1 மோலார் சோடியம் மெத்தாக்சைட சொட்டு சொட்டா விட்டு, நனைஞ்ச பிஎச் பேப்பர்ல 12 காட்டுற வரைக்கும் போங்க. கால் மணிக்கு ஒரு தடவ ஒரு துளி எடுத்து எல்சிஎம்எஸ்ல போடுங்க. ஒரு அசிடைல் போனா 42 கொறையும், நாலும் போனா 168. நடுவுல நிக்கிறதெல்லாம் ப்ராடக்ட விட 42, 84, 126 கூட காட்டும். நாலும் போன உடனே நீர்த்த எச்சிஎல் போட்டு 7க்கு கொண்டு வந்துடுங்க. சாப்பிட்டு வந்து பாத்துக்கலாம்னு விட்டா, அஸ்பரஜினுக்கு அடுத்து கிளைசின் இருக்கறதால சைடு கை முதுகெலும்போட சுருண்டு வளையமாகி (ஆஸ்பார்ட்டிமைடு) சர்க்கரை அமீனோட சேந்து கழண்டு போக வழி இருக்கு, அப்ப ப்ராடக்ட விட 179 கொறஞ்சு ஒரு பீக் மொளைக்கும், அது கண்ணுல பட்டா ஒடனே நிறுத்துங்க. இதே பேஸ் விளையாட்ட செரின் திரியோனின்ல ஒட்டுன சர்க்கரைக்கு பண்ணா இன்னும் ஆபத்து, அங்க பீட்டா எலிமினேஷன்ல சர்க்கரை முழுசா எகிறிடும்.

சி18 காலத்துல, தண்ணி அசிட்டோநைட்ரைல், 0.1 சதவீத டிஎஃப்ஏ போட்டு சுத்தம் பண்ணி, லையோஃபிலைஸ் பண்ணுங்க. 16 கூட ஒரு பீக் இருந்தா மெத்தியோனின் ஆக்சிடைஸ் ஆயிருக்கு. சர்க்கரை இல்லாத பெப்டைடயும் அதே பேட்ச் ரெசின்ல, அதே நாள்ல செஞ்சு வைங்க, ரெண்டுக்கும் நடுவுல 162 வித்தியாசம் இருக்கணும். கன்ட்ரோல் பெப்டைடு செய்ய சோம்பேறித்தனம் பட்டவங்களோட பிளேட்ல எந்த கலர் சர்க்கரையால வந்துச்சு, எது சும்மா ஒட்டிக்கிட்டதால வந்துச்சுன்னு பிரம்மாவுக்கே தெரியாது.

எலைசா பக்கம் நான் வெறும் வேடிக்க பாக்குற ஆளு, அந்தப் பொண்ணு பண்றத பாத்து சொல்றேன். 96 வெல் பிளேட்ல பாதி வரிசைக்கு சர்க்கரை பெப்டைட், பாதிக்கு கன்ட்ரோல், ஒரு எம்எல்லுக்கு 10 மைக்ரோகிராம், 9.6 பிஎச் கார்பனேட் பஃபர்ல, ராத்திரி முழுக்க 4 டிகிரில. மறுநாள் 10 சதவீத எஃப்பிஎஸ்ல (கன்னுக்குட்டி கரு சீரம்) பிளாக் பண்ணி, சீரம் நூத்துல ஒண்ணா நீர்த்து, அல்கலைன் பாஸ்ஃபட்டேஸ் ஒட்டுன ஆன்டி ஹ்யூமன் ஐஜிஎம்மும் ஐஜிஜியும் தனித்தனியா, 405 நானோமீட்டர்ல ரீடிங். கன்ட்ரோல் வரிசைய கழிச்சு தான் நம்பர எழுதுவா. சீரத்துக்கு எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இல்லாம ஃபிரீசர தொறக்கவே விட மாட்டா, சரி தான்.

சர்க்கரைய மாத்தி அனலாக் செய்யணும்னு ஆச வந்தா, காலக்டோஸ் ரொம்ப சுலபம், அசிடோபுரோமோகாலக்டோஸ்ல இருந்து இதே பாதை, இதே அளவு. என் அசிடைல் குளுக்கோசமினுக்கு புரோமைடு வேணாம், நிக்காது, குளோரைடு செஞ்சு அதுல இருந்து அசைடுக்கு போங்க. மேனோஸ் மட்டும் தகராறு, 2வது கார்பன் அசிடைல் குறுக்க பூந்து பெரும்பாலும் ஆல்ஃபா பக்கமே தள்ளிவிடும், பீட்டா மேனோஸ் வேணும்னா இந்தப் பாதைய விட்டுடுங்க. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் பக்கம் வேலை பாக்கறவங்களுக்கு வேண்டியது வேற, டைப் 2 கொலாஜன்ல 264வது எடத்துல இருக்குற ஹைட்ராக்சிலைசின் மேல காலக்டோஸ், அது ஓ-லிங்க் (ஆக்சிஜன் வழியா ஒட்டுறது). ஸ்வீடன்ல உமியோ ஆளுங்க, யான் ஷீல்பெரி குழு, அந்த காலக்டோஸோட ஓஎச்ச ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்து டி செல் எத புடிச்சு தொங்குதுன்னு தேடுனாங்க. அங்க அசைடு கெடயாது, கிளைக்கோசிலேஷன் தான், லைசினோட ரெண்டு அமீனையும் வேற வேற மூடி போட்டு மறைக்கணும். ஆனா அங்கயும் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி பாட்டில்ல எந்த மூடி எந்த கைல இருக்குன்னு பேனாவால படம் போட்டு பாத்துட்டு போடுங்க, எங்க ஃபிரிட்ஜ் கதவுல இப்பவும் அந்த ரெண்டு ஆஸ்பார்டிக் படமும் பக்கத்து பக்கத்துல ஒட்டி தான் இருக்கு, தப்பான பாட்டில் மேல செவப்பு மார்க்கர்ல ஒரு பெரிய பெருக்கல் குறி.